மூன்றாம் வகையில் ஒரு ஃப்ரீசர்

ஒரு மழைக்காலம் முழுக்க, நான் ஒரு பெண்ணின் ஃப்ரீசரைப் பின்னேரம் தோறும் அணைத்து வைத்தேன். அவரை நான் பார்த்ததில்லை. அவருடைய ஊருக்குப் போனதும் இல்லை. மொன்றியல் டவுன்டவுனில், பதினோராம் மாடியில், கோப்பையில் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற வேலை அது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில், கொஞ்சம் பெருமையோடுகூடச் செய்தேன். இப்போது அந்தப் பெருமையை நினைத்தால்தான் எனக்குக் கூசுகிறது.

வேலை இன்னதென்று சொன்னால்தான் குற்றம் விளங்கும். நான் இருப்பது ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில். மேற்கு ஆப்பிரிக்காவில் எண்ணெய் எடுக்கிற ஒரு நாட்டில், கிராமங்களுக்குச் சூரிய மின்சாரம் கொடுக்கும் திட்டம் ஒன்று நடக்கிறது. அதன் கணினிப் பக்கத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நாட்டின் பெயரை வெளியே சொல்வதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருக்கிறேன். சொல்லாமல் விடுவதில் எனக்கும் ஒரு வசதி இருக்கிறது, அது வேறு கதை.

அந்த ஊரின் நிலைமை ஒரு கூத்து. கழிமுகத்தில், ஆறு கிளை கிளையாகப் பிரிந்து கடலுக்குப் போகிற இடத்தில் இருக்கிறது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் எண்ணெய்க் கிணறுகள். கிணற்றோடு வருகிற வாயுவை இரவு பகலாகக் கொளுத்திவிடுகிறார்கள், அந்த நெருப்பு ஊர் முழுக்கத் தெரியும். ஆனால் ஊருக்குள் ஒரு மின்கம்பி வந்ததில்லை. எண்ணெய் கப்பலேறிப் போகிறது. பெட்ரோலாகத் திரும்பி வரும்போது அந்த ஊர்ச் சனத்தால் வாங்க முடியாத விலை. ஆனாலும் வேறு வழியில்லாமல் வாங்கி, சின்னச் சின்ன ஜெனரேட்டர்களில் ஊற்றி, புகையையும் சத்தத்தையும் பொறுத்துக்கொண்டு இருந்தார்கள். எண்ணெய் விலை விழுந்த ஒரு காலத்தில் பயந்துபோன அரசாங்கம், இனிச் சூரியன்தான், இனி டிஜிட்டல்தான் என்று இரண்டையும் ஒரே மூச்சில் அறிவித்தது. அப்படித்தான் அந்த ஊரின் மின்சாரம் என் மேசைக்கு வந்தது.

ஊரின் ஓரத்தில் ஒரு வெளியில் சோலார் பனல்கள். பக்கத்தில் ஒரு கொள்கலனுக்குள் பாட்டரிகள். வீட்டுக்கு வீடு ஒரு மீட்டர், அதற்குள் விளக்குக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனி இணைப்பு. சில வீடுகளில் ஃப்ரீசருக்கோ மாவரைக்கும் மெஷினுக்கோ இன்னொரு தனி மீட்டர். இந்த மீட்டர்கள் ஃபோன் வலையமைப்பு வழியாக எங்கள் கணினியோடு பேசும். பாட்டரி இறங்கினால் எந்த மீட்டரை முதலில் நிறுத்துவது, எதைக் கடைசிவரை வைத்திருப்பது என்று ஒரு அட்டவணை இருக்கும். கணினி அதைப் பார்த்துத் தானாக நிறுத்தும், தானாகப் போடும். கணினிக்கு மூளை இல்லை. அட்டவணையை ஒரு ஆள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஆள் நான்.

எழுதிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் மேலாளர் சென்னைக்காரர். இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல். நோத்ர-டாம்-த-கிரேஸில் வீடு. பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் மூன்றையும் ஒரே வேகத்தில் பேசுவார். கூட்டம் நடந்தது ஆங்கிலத்தில்தான். ஆனால் உள்ளே போவதற்கு முன்னமே என்னிடம் தமிழில் சொன்னார். "அங்க போய் சர்வே எடுக்க டைம் இல்லீங்க. இந்த வாரமே டேபிள் கொடுத்தாகணும். மழை சீசன்ல பாட்டரி பத்தாது. யாரை முதல்ல கட் பண்றதுன்னு யோசிச்சு வைங்க."

அறைக்குள் எங்களோடு நாலைந்து இளம் பொறியியலாளர்கள். எல்லோரும் கியூபெக்கில் பிறந்து, சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம் வரும் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாமல் வளர்ந்தவர்கள். ஆளுக்கொரு சூத்திரம் சொன்னார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கரண்ட் இல்லாமல் வாழ்ந்த ஒரே ஆள் இந்த அறையில் நான்தான் என்று தொடங்கினேன்.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு வருடக்கணக்காகக் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஒரு ஜாம் போத்தலில் கொஞ்சமாக எண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில்தான் நான் ஓ.எல். பரீட்சைக்குப் படித்தேன். இதைச் சொல்லிவிட்டு, கரண்ட் என்றால் முதலில் பிள்ளைகள் படிக்கிறதுக்கு ஒரு லைட், மற்றதெல்லாம் பிறகு என்றேன். ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கியே விட்டது. நான் அதைக் கவனித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. ஒளித்து என்ன செய்ய.

அதன்பிறகு ஒருவரும் சூத்திரம் பேசவில்லை. பத்து நிமிடத்தில் அட்டவணை முடிந்தது. முதல் வகையில் மருந்தகம், தண்ணீர்ப் பம்பு, பள்ளிக்கூடம், வீட்டு விளக்குகள். இரண்டாம் வகையில் மின்விசிறி, டிவி, ஃபோன் சார்ஜ். மூன்றாம் வகையில் ஃப்ரீசர், மாவரைக்கும் மெஷின், வெல்டிங், தலைமுடி காயவைக்கிற மெஷின். பாட்டரி ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கினால் மூன்றாம் வகை பின்னேரம் ஆறு மணிக்கு நிற்கும். அடுத்தநாள் வெயில் ஏறி பாட்டரி நிரம்பிய பிறகுதான் திரும்ப வரும். ஃப்ரீசர் என்ற சொல்லை மூன்றாம் வகையில் தட்டும்போது என் விரல் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. ஐஸ்கிறீமும் குளிர்சோடாவும்தானே என்று நினைத்தேன்.

அந்த ஊரில் எங்கள் சார்பில் ஒரு மின்தொழில்நுட்பவியலாளர் இருந்தார். பல வருடம் கடலுக்குள் எண்ணெய் மேடையில் மின்வேலை பார்த்தவர். ஆட்குறைப்பில் வெளியே வந்து, ஐம்பது வயதில் சூரிய மின்சாரம் படித்துக்கொண்டு இதற்கு வந்தவர். அட்டவணையைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதினார். மேடம், இந்த ஊரில் ஃப்ரீசர் வைத்திருப்பவர்கள் வசதியானவர்கள் இல்லை, மீன் விற்கிற பெண்கள், தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள் என்று மூன்று வரி.

நான் என்ன பதில் எழுதினேன் என்பதை இப்போதும் என் மின்னஞ்சலில் பார்க்கலாம். "மீனுக்கு முதல் பிள்ளைகளின் படிப்பு. நானே இருட்டில் படித்தவள், எனக்குத் தெரியும்." இதைத்தான் எழுதினேன். எங்கள் ஆட்களுக்குப் படிப்பு என்றால் மற்ற எல்லாமே கண்ணில் படாது. வீடு இடிந்தாலும் டியூசன் நிற்கக்கூடாது என்று வளர்ந்த சனம். அந்த மனிதர் "சரி, மேடம்" என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொண்டார். அவர் ஒத்துக்கொண்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஜூனில் அங்கே மழை பிடித்தது. அங்கே இருட்டி ஏழு மணியாகும்போது இங்கே பகல் இரண்டு மணி. மதியச் சாப்பாடு முடித்து மேசைக்கு வந்து வரைபடத்தைத் திறப்பேன். கழிமுகத்து ஊரில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரியும். ஒரு புள்ளி ஒரு வீடு. பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன். அந்தப் புள்ளிகளுக்குக் கீழே யார் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது.

முறைப்பாடுகளும் வந்தன. செயலியில் எழுதியும் அனுப்பலாம், பேசியும் அனுப்பலாம். வந்ததைப் பார்த்து, காரணம் எழுதி மூடுவது என் வேலை. ஒரே மீட்டரிலிருந்து திரும்பத் திரும்ப வந்தது. எழுபத்திரண்டாம் மீட்டர். முதலாவதை அந்த மீட்டர்க்காரப் பெண் எழுத்தில் அனுப்பியிருந்தார், மாலை வணக்கம், என் ஃப்ரீசர் நின்றுவிட்டது, உள்ளே மீன் இருக்கிறது என்று. நான் "விதிப்படி இயங்குகிறது" என்று எழுதி மூடினேன். பிறகு வந்ததெல்லாம் குரல். ஒன்றைப் போட்டு அரைவாசி கேட்டேன். அவருடைய ஆங்கிலம் எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை, பின்னால் மழைச் சத்தம் வேறு. மற்றவற்றைக் கேட்கவே இல்லை. எழுபத்திரண்டு என்று கண்டதும் "விதிப்படி இயங்குகிறது" என்று ஒட்டிவிட்டுப் போய்விடுவேன். ஒன்பது தரம் அப்படி மூடினேன்.

செப்டம்பரில் படம் மாறியது. மூன்றாம் வகை மீட்டர்கள் ஒவ்வொன்றாகப் பூச்சியத்துக்கு வந்தன. எழுபத்திரண்டு முதலில். பாட்டரி இப்போது விடியும்வரை தாக்குப்பிடித்தது. திரையில் அதன் கோடு அழகாக, ஆட்டமில்லாமல் போனது. வருட முடிவில் அறிக்கை எழுதினேன். அதில் ஒரு வரி: "பயனாளர்கள் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகிவிட்டார்கள்."

இந்த வரியைப் பற்றித்தான் நான் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அட்டவணை போட்டது அறியாமை என்று ஒருவிதமாகச் சமாளிக்கலாம். இந்த வரியைச் சமாளிக்க முடியாது. சிக்கனம் பிடிக்கிற வீட்டின் மீட்டர் குறையும், பூச்சியத்துக்கு வராது. மின்சாரத்தில் இருபது வருடம் குப்பை கொட்டியவளுக்கு இது தெரியாதா? தெரியும். அந்தப் பூச்சியங்களைப் பார்த்தபோது நெஞ்சுக்குள் ஒன்று குறுகுறுத்தது. யாரையாவது கேட்டால் பதில் வந்துவிடும் என்பதால் கேட்கவில்லை. மேலாளர் அறிக்கையைப் படித்துவிட்டு, "சூப்பருங்க, இதையே மாடலா வெச்சு மத்த ஊருக்கும் போகலாம்" என்றார். அடுத்த மழைக்கு முன்னால், அதே அட்டவணை இன்னும் நாற்பது ஊர்களுக்குப் போவதாக முடிவானது. ஏப்ரல் நடுவில் அந்த நாட்டு அமைச்சுக்கு நான்தான் அதை விளக்கிச் சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரு கிழமை முன்னால் மொன்றியலில் உறைமழை கொட்டியது. இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழையாக விழுந்து, பட்ட இடத்தில் கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும். மரக்கிளைகள் பாரம் தாங்காமல் முறிந்து கம்பிகள் மேல் விழுந்தன. லொங்குய்யில் எங்கள் தெருவில் மத்தியானம் கரண்ட் போனது. நான் அன்று வீட்டிலிருந்து வேலை. திரை அணைந்த மறுகணம் எழும்பி நான் ஓடியது பேஸ்மென்ட்டுக்கு.

அங்கே எங்கள் டீப் ஃப்ரீசர் இருக்கிறது. மொன்றியலில் எந்த யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் போனாலும் பேஸ்மென்ட்டில் அப்படி ஒன்று இருக்கும். போன கிழமைதான் என் கணவர் ஒரு பெட்டி விளைமீனும் இறாலும் நண்டும் வாங்கி, ஞாயிறு முழுக்க இருந்து வெட்டிக் கழுவி, பை பையாகக் கட்டி அடுக்கியிருந்தார். நான் இரண்டு கம்பளியைக் கொண்டுபோய் அதன் மேல் போர்த்தினேன். அவர் பின்னேரம் வேலையால் வந்ததும் வராததுமாகக் கேட்டது, "இஞ்சாரும், ஃப்ரீசரைத் திறந்தனீரோ?"

"இல்லையப்பா, போர்த்து வைச்சிருக்கிறன். ஒருத்தரும் திறக்கக்கூடாது."

"வெளியில வைப்பமே?"

"நாளைக்கு வெயிலாம். பத்துப் பாகையாம். வெளியில வைச்சால் நாறிப்போகும்."

அவர் ஐஸ் தேடி தெப்பனர் தெப்பனராக, தெருமுனைக் கடை ஒன்று விடாமல், அலையப் புறப்பட்டார். நான் கூடவே போனேன். முதல் கடையில் இல்லை, இரண்டாவதில் இல்லை, மூன்றாவதில் எங்களுக்கு முன்னால் நின்ற ஆள் கடைசிப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் இருக்கிறதே, அடிக்காத குறை. ஆறாவது கடையில் இரண்டு பை கிடைத்தது. குழந்தையைத் தூக்குகிற மாதிரி அணைத்துக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்து பேஸ்மென்ட்டுக்கு இறங்கப் போகும்போது, சமையலறை மேசையில் மகள் இருந்தாள். பதினைந்து வயது. ஃபோன் வெளிச்சத்தைத் தண்ணீர்க் கிளாசில் சாய்த்து வைத்துக் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா, எனக்கு வெள்ளிக்கிழமை எக்ஸமன். லைட் வேணுமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. ரெண்டு பேரும் மீனுக்குப் பின்னால ஓடுறீங்கள்."

அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். கணவரும் சிரித்தார். என் கையிலிருந்த ஐஸ் பை கனத்தது. "அம்மா?" என்று அவள் திரும்பக் கூப்பிட்டாள். ஒன்றுமில்லை என்று கீழே இறங்கினேன்.

அடுத்தநாளும் கரண்ட் வரவில்லை. காலையில் ஃப்ரீசரின் அடியிலிருந்து தண்ணீர் கோடு போட்டு ஓடியிருந்தது. பேஸ்மென்ட் படியில் இருந்து அந்தத் தண்ணீரைப் பார்த்தேன். என் பெட்டிக்குள் இருந்தது போனால், எங்களுக்கு ஒரு பெட்டி மீன் நட்டம், கொஞ்சம் வயிற்றெரிச்சல். வேறொன்றும் இல்லை. ஃபோனில் இன்னும் சார்ஜ் இருந்தது. எழுபத்திரண்டாம் மீட்டரைத் திறந்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். இந்தமுறை அவருடைய ஆங்கிலம் விளங்கியது. கேட்கவேண்டும் என்று இருந்தால் விளங்கும் போலிருக்கிறது.

அவர் ஐஸ்கிறீம் விற்கவில்லை. பகலில் அந்த ஃப்ரீசரில் ஐஸ் கட்டி, விடியற்காலையில் வள்ளங்களுக்குக் கொடுக்கிறார். ஐஸ் இருந்தால்தான் அவருடைய சகோதரனும் மற்றவர்களும் தூரம் போய் மீன் பிடித்து, பழுதாகாமல் கொண்டுவரலாம். வந்த மீனைத் திரும்பவும் அதே ஃப்ரீசரில் வைத்து, கிழமைக்கு ஒருமுறை வருகிற சந்தைப் படகு வரும்வரை காக்க வேண்டும். ஐந்தாவது செய்தியில், இதை நான் நாலு தரம் சொல்லிவிட்டேன், யாராவது கேட்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டிருந்தார். ஏழாவதில் கோபம். எட்டாவதில், மீனை ஆற்றில் கொட்டிவிட்டோம் என்று மட்டும். ஒன்பதாவது மிகவும் மரியாதையாக இருந்தது. நன்றி, இனி நான் ஃப்ரீசர் போடமாட்டேன், நீங்கள் அதை எழுதிக்கொள்ளலாம் என்றார். அந்த ஒன்பதாவதையும் நான் "விதிப்படி இயங்குகிறது" என்று மூடியிருந்தேன்.

ஜாம் போத்தல் விளக்கில் நான் படித்த அந்தக் காலத்தில், எங்கள் ஊர்க் கடற்கரையிலும் ஐஸ் இருந்திருக்காது. மீன் கொண்டுவருகிறவர் சைக்கிளில் வெயிலேற முன்னமே வந்து, கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு ஓடுவார். ஏன் ஓடுகிறார் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. மீன் கொஞ்சம் பழசு என்று முகத்தைச் சுழித்திருக்கிறோம். பிள்ளைகள் எப்படிப் படிக்கும் என்ற ஒரு கவலைதான் எங்களுக்குக் கவலை. கரண்ட் இல்லாத வாழ்க்கை எனக்குத் தெரியும் என்று அந்த அறையில் மார்தட்டினேனே, எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டு மேசை மட்டும்தான். வெட்கத்தில் அழுகையும் வந்தது. மேலே கேட்கக்கூடாதென்று கம்பளியின் நுனியில் முகத்தைத் துடைத்தேன்.

கரண்ட் வந்த அன்றே மெட்ரோவில் டவுன்டவுன் போய் மேலாளரின் அறைக்குள் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒரு வரி பொய் என்பதையும், எழுதும்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ரிப்போர்ட் போயாச்சுங்க. லெஸன்ஸ்னு ஒரு பாரா போட்டுடலாம். எதுக்கு இவ்ளோ ஃபீல் பண்றீங்க?"

"பாரா காணாது. அந்த வரியை எடுக்கவேணும். அட்டவணையும் போகக்கூடாது. ஒவ்வொரு ஊரும் தாங்களே இருந்து கதைச்சுப் போடட்டும். இல்லையெண்டால் அமைச்சுக்கு விளக்கிறதுக்கு வேற ஆளைப் பாருங்கோ."

கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ஒண்ணு சொல்லட்டுமா? அன்னிக்கே எனக்குக் கேக்கணும்னு தோணுச்சு, அந்த ஃப்ரீசர்ல என்னதான் வெப்பாங்கன்னு. நீங்க அந்த விளக்கு கதைய சொன்னீங்க. அதுக்கு மேல எப்படிங்க கேக்கறது? உங்க கஷ்டத்துக்கு முன்னாடி நான் என்ன பேச முடியும்?"

நான் பட்ட கஷ்டத்தை வைத்து நான் எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. அந்த அறையில் இருந்தவர்கள், தொழில்நுட்பவியலாளர், இவர், எல்லோரும் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டார்கள். நான் அதை ஆமோதிப்பு என்று எண்ணிக்கொண்டேன். மேலாளர் பெருமூச்சு விட்டு, அறிக்கையைத் திருத்தி அனுப்பலாம் என்றார். அட்டவணை நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு ஊரிலும் கூட்டம் வைத்து, மீன்காரரும் மாவரைப்பவரும் தாய்மாரும் இருந்து முடிவெடுப்பது என்று மாற்றினோம். அமைச்சுக்கு விளக்கும்போது, முதல் ஊரில் தவறு செய்தது நான் என்று சொன்னேன். அவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. வெளிப்படையாக இருந்ததற்காக இரண்டு பேர் பாராட்டினார்கள், அது இன்னும் மோசம்.

கழிமுகத்து ஊரில்தான் முதல் கூட்டம் நடந்தது. ஃப்ரீசர்களை இரவிலும் ஓடவிடுவது, மழை நாட்களில் டிவியையும் மின்விசிறியையும் நிறுத்துவது, பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூட அறை ஒன்றில் மட்டும் விளக்குப் போடுவது என்று அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டார்களாம். எனக்குப் பத்து நிமிடம், அவர்களுக்கு அரை மணித்தியாலம். அந்தக் கூடுதல் இருபது நிமிடத்தை நான் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

எழுபத்திரண்டாம் மீட்டர்க்காரர் கூட்டத்துக்கு வரவில்லை என்று தொழில்நுட்பவியலாளர் சொன்னார். ஃப்ரீசரை ஒக்டோபரிலேயே விற்றுவிட்டாராம். இப்போது நகரத்தில் ஒரு வியாபாரியின் குளிர்அறையில், மற்றவர்களின் மீனைத் தரம் பிரிக்கிற கூலிவேலை. கிழமைக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருகிறார். அவரோடு நான் கதைக்க வேண்டும் என்றேன். "எதற்கு, மேடம்?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்க என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்த் தன் ஃபோனைக் கொடுத்தார்.

அந்தப் பெண் பேசியது ஆங்கிலம். எனக்கு அது என் தமிழிலேயே மனதில் நின்றுவிட்டதால் அப்படியே எழுதுகிறேன். நான் யார், எங்கிருந்து கதைக்கிறேன் என்று சொன்னேன். பின்னேரங்களில் உங்கள் ஃப்ரீசரை அணைத்தது நான்தான், நீங்கள் அனுப்பிய ஒன்பதையும் கேட்காமல் மூடியதும் நான்தான், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வேறு சொற்களும் இருந்தன. வாயில் வரவில்லை.



"நீங்களோ?" என்றார். "ஒரு ஆளோ செய்தது?"

"ஓம். நான்தான்."

"மெஷின் எண்டெல்லோ எங்களுக்குச் சொன்னவை. பாட்டரி காணாது, மெஷின் தானா நிப்பாட்டுது எண்டு. மெஷினோட என்னத்தைக் கோவிக்கிறது எண்டுதான் நான் விட்டனான்." குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார். "ஒரு ஆள் எண்டு தெரிஞ்சிருந்தால், நான் விட்டிருக்கமாட்டன். உங்களோட சண்டை பிடிச்சிருப்பன். ஃப்ரீசரையும் வித்திருக்கமாட்டன்."

இப்போதாவது சண்டை பிடியுங்கள் என்றேன். உண்மையாகவே கெஞ்சினேன். திட்டுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"இப்ப என்னத்துக்கு?" என்றார். "எனக்கு விடிய வேலைக்குப் போகவேணும்." தொழில்நுட்பவியலாளரிடம் ஃபோனைத் திருப்பிக் கொடுக்கிற சத்தம் கேட்டது.